பனிக்கலப்பையைக் கழற்றிய பிறகு

திங்கட்கிழமைதான் கழற்றினாள்.
ஆறு போல்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு.
கிரீஸ் தடவி, கவுண்டி கொட்டகை மூலையில்
சுவரைப் பார்க்க நிறுத்திவைத்தாள்,
வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பையனைப்போல.
கனத்த கோட்டுக்குள் நாப்தலின் உருண்டை போட்டுப்
பெட்டியை மூடினாள்.
தெற்கு டகோட்டாவில் ஏப்ரல் முடியப்போகிறது.
இனி என்ன வந்துவிடும்?

வியாழன் மதியம் ஆர்லிஸ் செட்டர்
சட்டைக் கையை மடித்துவிட்டு
சாலைக் குழிகளுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
மேற்கே ஒரு கோடு.
ஸ்கேல் வைத்து இழுத்த கருநீலம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல வெயில்,
வேலிக்கம்பத்தில் ஒரு மஞ்சள் மார்புப் பறவை,
பள்ளிக்கூடத்துக் கொடி துவண்டு கிடந்தது.
பறவைதான் முதலில் போனது.

பிறகு வாடை.
நம் ஊரில் அது போர்வையை இழுத்து மூடவைக்கும், அவ்வளவுதான்.
இதற்கு அந்தப் பெயர் இடுப்பளவுகூட எட்டாது.
வேறு சொல் இல்லை என்னிடம்,
வாடை என்றே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு இடி.
நான்குக்கு ஆலங்கட்டி, தகரக் கூரைமேல் சோளம் கொட்டியதுபோல.
அப்புறம் மழை, நின்று பெய்யாமல் படுத்துப் பெய்தது.
ஆறரைக்கு மழை வெளுத்தது.
பனிக்குள்ளே மின்னல் வெட்ட
ஊர் ஒரு கணம் எக்ஸ்ரே படமாகி அணைந்தது.

ஏழுக்குத் தொலைபேசி.
"மறுபடி மாட்ட முடியுமா?"
அதே ஆறு போல்ட். வசவு மட்டும் புதிது.

உழுதாள். முளைக்காததை உழுதாள்.
பின்னால் பார்த்தால் உழுத தடம்
ஏற்கெனவே தூர்ந்திருந்தது.

வெர்லின் ஹோஃபர் அவளோடு பேசி
மூன்று குளிர்காலம் ஆகிறது.
காரணம் ஒரு தபால்பெட்டி.
கலப்பை எறிந்த பனி அதைச் சாய்த்தது.
அடுத்த வருடமும் சாய்த்தது.
மூன்றாம் வருடம் போட்டோவோடு
ஆபீசுக்கே எழுதிவிட்டார்.
இந்த ஏப்ரலில்தான் புதிது நட்டிருந்தார்,
இரும்புக்கால், சிவப்புப் பெயின்ட்.

வளைவில் வேகம் குறைத்தாள்.
கலப்பையைத் தூக்கி, சாய்த்து,
தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவள்போல வண்டியை நகர்த்தினாள்.
ஹெட்லைட்டில் இரும்புக்கால் நின்றது.
மேலே பெட்டி இல்லை.
"என்னைத்தான் சொல்லுவான்," என்றாள்,
வைப்பரிடம்.

இருநூறடி தள்ளி ஒரு டார்ச் ஆடியது.
ஓடைப்பள்ளத்தில் பிக்கப் மூக்கைக் குத்திக் கிடக்க,
சாலை நடுவில் ஹோஃபர்,
கையில் ஒரு கன்று, ஈரம் துடைக்காத கன்று,
நான்கு காலும் நான்கு பக்கம் தொங்க.

கதவைத் திறந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள்.
கன்று அவர்கள் பூட்ஸ்களுக்கு நடுவில்.
அவர் கையுறையைக் கழற்றி
அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.
தலையாட்டினார், இல்லை என்று.
ஒரு மைல் கழித்து மறுபடி விட்டார்.
மறுபடி.
தேவாலயத் திருப்பத்தில்
"சப்புது," என்றார்,
அவளிடம் இல்லை, கண்ணாடியிடம்.

அவளுக்குத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது:
"உங்க பெட்டி, நான் வரும்போதே..."
"ஆறு மணிக்கே பறந்தது. ஜன்னல்லேருந்து பார்த்தேன்."
கொஞ்ச தூரம் வைப்பர் மட்டும் பேசியது.
"காத்தைப் பத்தி எந்த ஆபீசுக்கு எழுதறது?"
சிரிக்கலாமா என்று தெரியாமல்
அவள் கியர் மாற்றினாள்.

சனிக்கிழமை வெயில், கூச்சமே இல்லாமல்.
பள்ளமெல்லாம் தண்ணீர், சாலையெல்லாம் சேறு,
லைலாக் மொட்டுகள் கருகிப்போயிருந்தன.
ஹோஃபரின் மேய்ச்சலில் பதினொரு கன்று.
டிராக்டரில் சங்கிலி கட்டி
ஒவ்வொன்றாக இழுத்துப்போனார்.
அன்று யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பெட்டியைப் பேஸ்பால் மைதானத்தில்
பையன்கள் கண்டெடுத்தார்கள்,
உள்ளே மின்சார பில், நனையாமல்.

ஆர்லிஸ் மே பாதிவரை கலப்பையைக் கழற்றவில்லை.
கோட்டை மறுபடி பெட்டியில் வைக்கப் போனவள்
முகர்ந்து பார்த்தாள்:
நாப்தலின், டீசல், ஈரக் கன்று.
ஆணியிலேயே தொங்கவிட்டாள்.