அ, அ, ஊ

பள்ளத்தூர் கேட்ட ஆளுக்குக்
கண்டனூர் கிழித்துக் கொடுத்தேன்.
ஒரே வாரத்தில் மூன்றாம் முறை.
"காதுல என்ன பஞ்சா?" என்றார்.
அது மட்டும் கேட்டது.
திட்டுகிறவர்கள்
நின்று, முகம் பார்த்துத் திட்டுகிறார்கள்.

காரைக்குடியிலிருந்து சுற்றிப் போகும்
புதுவயல் வண்டியில் இருபத்திரண்டு வருஷம்.
காலடியில் இஞ்சின்,
அடைக்கலம் அண்ணன் அமுக்கும் ஏர்ஹாரன்,
தலைக்கு மேலே ஸ்பீக்கர் பெட்டி,
பல்லிடுக்கில் என் விசில்.
ராத்திரி படுத்தால் ஒரு சில்வண்டு.
தோட்டத்தில் என்றுதான் நினைத்திருந்தேன்,
ஏ.சி. போட்டு ஜன்னல் சாத்திய கல்யாண மண்டபத்திலும்
கூடவே வந்து அது பந்தியில் உட்காரும்வரை.

டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைவேன்.
கோழி இறகு, பைக் சாவி, தீக்குச்சி,
காய்ச்சி ஊற்றிய நல்லெண்ணெய், எல்லாம் ஆயிற்று.
"பசிக்குதா?" என்றாள் மீனாள்.
"எந்த வண்டி அடிச்சுது?" என்று பதறி எழுந்தேன்.
சிரித்தாள், அன்றைக்கு.

செக்காலை ரோட்டில் ஒரு மாடி.
சுவரெல்லாம் நுரை ஒட்டிய பெட்டிக்குள்
உட்கார வைத்தாள் ரிஃபானா.
"சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."
கேட்காததற்கும் இரண்டு தடவை தூக்கினேன்.
கண்டுபிடித்துவிட்டாள்.

காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.
இடப்பக்கம் சமதரை.
வலப்பக்கம் ஊருணிப் படி மாதிரி
இறங்கி இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று.

"அழுக்கு இல்லண்ணே. அழுக்குன்னா எடுத்திருப்பேன்.
உள்ள இழை இழையா நாத்து மாதிரி இருக்கும்.
சத்தம் அடிச்சுச் சாய்ச்சிருச்சு.
இந்த வயலுக்கு ஒரே நடவுதான்,
மிச்சத்தையாவது காப்பாத்துங்க."
அப்புறம் கேட்டாள்:
"உயிரெழுத்து, மெய்யெழுத்து ஞாபகமிருக்கா?"

அங்கேதான் விளங்கிற்று.
உயிரெல்லாம் எனக்குக் கேட்கிறது.
மெய்தான் வந்து சேரவில்லை.
க, ச, த, ப,
வல்லினம் முன்னாலேயே இறங்கிவிட்டது,
என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்.
ந, ம மட்டும் பின்சீட்டில் தூங்குகின்றன.
பள்ளத்தூரும் கண்டனூரும்
மெய் உதிர்ந்தால் ஒரே ஊர்:
அ, அ, ஊ.

இப்போது இரண்டு காதிலும்
அவரை விதையளவு ஒரு கருவி.
முதல் நாள்
பைக்குள் சில்லறை இத்தனை கூச்சல் போடுமா என்று
பயந்துபோனேன்.
மீனாள் கொலுசைக் கழற்றிவிட்டாள் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
நாலு பேர் ஒன்றாகப் பேசினால்
நாலையும் ஒரே தட்டில் கொட்டுகிறது கருவி.
விசில் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது;
தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி கிளம்பும்.
ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னதற்கு
அடைக்கலம் அண்ணன் மூன்று நாள் பேசவில்லை.
அவர் பேசவில்லையா, எனக்குக் கேட்கவில்லையா என்று
கிளீனரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு அம்மாள்,
மடியில் கத்தரிக்காய்ப் பை.
"எங்கே இறங்கணும்?"
தலையாட்டினார்.
"கண்டனூரா?"
தலையாட்டினார்.
"பள்ளத்தூரா?"
அதே ஆட்டல், அதே புன்னகை.

எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டல்.
பேங்கில், பந்தியில்,
மகன் போனில் பேசும்போதுகூட
ஏழு வருஷம் நான் ஆட்டியது.

குனிந்தேன். முகத்துக்கு நேரே முகம்.
கத்தவில்லை.
உதடு தெரிய, மெதுவாக,
மெய்யும் உயிருமாகக் கேட்டேன்:
பள்ளத்தூரா?

என் உதட்டைப் பார்த்தார்.
பிறகு என் காதை.
விரல் நீட்டித் தொடப்போய் நிறுத்திக்கொண்டார்.
"கோட்டையூரு," என்றார்.

கோட்டையூர் தாண்டி
இரண்டு கிலோமீட்டர் வந்திருந்தோம்.

வண்டியை நிறுத்தி
எதிரே வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.
டிக்கெட்டின் பின்பக்கம்
செக்காலை ரோட்டு மாடி விலாசம் எழுதியிருக்கிறேன்.

அதைச் சுருட்டி அவர்
காது குடையாமல் இருக்க வேண்டும்.