எட்டு

தம்பெரேயில் நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
ஹில்லாவுக்கு நாளை நண்பகல் கெடு.
ஒன்பது வருஷம் காக்கவைத்து
வந்திருக்கிறது
‘பனிச்சம்மட்டி’ இரண்டாம் பாகம்.

முதலாவதை ஆறு பேர் செய்தார்கள்,
பழைய நூற்பாலையின் மாடியில், வாடகை பாக்கியோடு.
இதை இருநூற்றுப் பதினான்கு பேர்.
முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியல்
அவள் ஒரு காபி போட்டுக் குடித்து
கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும் வரை ஓடுகிறது.

மூத்தது மோழை, இளையது காளை
என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.
புதிய மொந்தையில் பழைய கள்
என்றும் முடித்துவிடலாம்.
இரண்டையும் எழுதினாள்,
இரண்டையும் அழித்தாள்.

கொம்பு முளைத்திருப்பது உண்மைதான்.
பனி இப்போது பனி மாதிரியே பெய்கிறது,
நாயகியின் இமையில் ஒட்டி உருகுகிறது.
எதிரிகள் வரிசையில் நின்று அடி வாங்குவதில்லை.
ஒருவன் விழுந்தால் அடுத்தவன் தயங்குகிறான்,
தயங்கியவன் ஓடிப்போய்
ஆள் கூட்டி வருகிறான்.
பதினோராவது மணி ஆட்டத்தில்
உறைந்த ஏரி காலடியில் பிளக்கும்போது
இசையை நிறுத்திவிட்டார்கள்.
விரிசல் ஓடும் சத்தம் மட்டும்.
குறிப்பேட்டில் எழுதினாள்:
மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஆனால் சம்மட்டி.

முதல் பாகத்தில் அதற்கு எடை இருந்தது.
ஓங்கி அடித்தால் மண்ணில் புதையும்,
பிடுங்கி எடுக்க அரை நொடி ஆகும்.
அந்த அரை நொடியில்தான்
ஹில்லா செத்தாள்:
பாலத்தில் நாற்பது முறை,
கொல்லன் உலையில் எண்ணவில்லை.
அடிப்பதற்கு முன்னால்
அடித்த பிறகு என்ன என்று யோசிக்க
அப்படித்தான் விரல்கள் படித்தன.

இப்போது சொடுக்கினால் போதும்,
பழக்கிய புறா மாதிரி
கைக்கே திரும்பி வருகிறது.
அடி அடி அடி.
ஒரு பாலம் வந்ததே அவளுக்குத்
தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

யார் கெடுத்தது இதை?

இரவு பதினொன்றரைக்கு
தன் பழைய விமர்சனத்தைத் தேடி எடுத்தாள்.
இருபத்தைந்து வயது ஹில்லா,
எல்லாம் தெரிந்தவள், எழுதியிருந்தாள்:
“சம்மட்டி தாமதிக்கிறது. பொறுமையைச் சோதிக்கிறது.
அடுத்த பாகத்திலாவது திருத்துவார்களா?
பத்துக்கு எட்டு.”

திருத்திவிட்டார்கள்.

நிலவறைக்கு இறங்கி
பனிச்சறுக்கு மட்டைகளுக்குப் பின்னாலிருந்து
பழைய கருவியைத் தூக்கி வந்தாள்.
மங்கல் படம். அட்டைப்பெட்டி மரங்கள்.
அதே பாலம்.
விரல்களுக்கு எதுவும் நினைவில்லை.
ஆறு முறை செத்தாள்.
ஏழாவது முறை அவள் உதிர்த்த வசவுக்குக்
கீழ் வீட்டு ஒஸ்மோ
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தான்.
எரிச்சல்தான் இது, சந்தேகமே இல்லை,
அந்த இருபத்தைந்து வயதுக்காரி
பொய் எழுதவில்லை.
ஒன்பதாவதில் தாண்டினாள்.
தாண்டிய பிறகும்
கொஞ்ச நேரம் கை நடுங்கியது.
அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

காலையில் யல்மாரி கூப்பிட்டான்.
கட்டுரை வந்தது, எண் எங்கே?

எட்டு.

அப்படியானால் முன்னதை எட்டிவிட்டது
என்று தலைப்புப் போடவா?

எண்ணை எட்டியிருக்கிறது,
அவ்வளவுதான் சொல்வேன்.

மீதி இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று?
வாசகர்கள் கேட்பார்கள்.

ஒன்று சம்மட்டிக்கு.
இன்னொன்று
அதைத் திருத்தச் சொன்னவளுக்கு.

யார் அவள்? பெயர் போட வேண்டாமா?

ஜன்னலுக்கு வெளியே முதல் டிராம்
விளக்கெரியப் பாலம் ஏறியது.

போட வேண்டாம், என்றாள் ஹில்லா.
கட்டுரைக்கு மேலேயே இருக்கும்.