குண்டு விழுந்த தூரம்

மஞ்சக்குப்பம் பூங்காவில்
மேற்குச் சுவரோரம் நாலாவது பெஞ்சு என்னுடையது.
பட்டா கிடையாது.
பதினோரு வருஷமாக அதில் உட்கார்ந்து எழுதுகிறேன்
என்பதைத் தவிர ஆதாரமும் கிடையாது.
கொடுத்தவர் பெயரைச் சிமெண்டில் பதித்திருந்தார்கள்.
எத்தனையோ முதுகுகள் உரசி
இப்போது 'உபயம்' மட்டும் மிச்சம்.

இன்றைக்கு எழுத எடுத்தது
ஊரை விற்ற கதை.
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை
செஞ்சியிலிருந்த மராட்டியர்
இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள்.
கோட்டையோடு,
அங்கிருந்து பீரங்கி சுட்டால்
குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும்
மண்ணும் மனுஷரும் சேர்த்தி.

சுட்டார்கள்.

குண்டு உப்பலவாடி என்று
இன்னமும் பஸ்ஸில் போர்டு மாட்டிக்கொண்டு போகிறது அந்தச் சத்தம்.
குண்டுசாலையில் ஒரு பையன்
சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான்.

விழுந்த இடத்தில் யார் நின்றார்கள் என்று
நான் படித்த எதிலும் இல்லை.
களை பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி
நெற்றிக்குக் கை கொடுத்து நிமிர்ந்திருப்பாள்.
புழுதி அடங்கியதும்
திரும்பக் குனிந்திருப்பாள்,
வேறொருவன் வயலில்.

இந்த வரியில் பேனா நின்றபோது
கிழக்கு வாசலில் அஞ்சலாட்சி
எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டாள்.
கடல்காற்றுக்கு அவள் மேல் தனிப் பிரியம்,
சட்டியிலிருந்து எடுத்து
நேரே என் பெஞ்சில் கொண்டுவந்து வைக்கிறது:
பூண்டு, சோம்பு, மிளகாய்,
காலையில் ஓ.டி. துறைமுகத்தில் ஏலம் போன கிழங்கான்.

சர்க்கரைக்காக எட்டுச் சுற்று நடக்கிறவர்கள்
ஏழாவதில் கால் தடுமாறுகிறார்கள்.
கோர்ட்டு குமாஸ்தா ஒருவர்
கட்டை சுவருக்கு வெளியே வைத்துவிட்டு
மூக்கை உள்ளே விடுகிறார்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல் சார்,
இப்பவே சொல்லிட்டேன்,
அப்புறம் கொறை சொல்லக் கூடாது."
வாழையிலைத் துண்டில் ஆறு மீன்.
கருகிய கறிவேப்பிலை தனியாக,
நான் கேட்பேன் என்று தெரியும்.

குண்டுக் கதையை அவளிடம் சொன்னேன்.
கரண்டியை நிறுத்தவில்லை.
"எந்தப் பக்கமா சுட்டாங்க?"
நிலத்துப் பக்கம்தான் என்றேன்.
"கடலைப் பாத்துச் சுட்டிருந்தா
மீன வாங்கியிருப்பானா?"
யோசித்து, அவளே:
"மீனு எங்க நிக்கும் அவன் சொல்லுக்கு."

பெஞ்சுக்குத் திரும்பி
அவள் ராஜ்யத்தை அளந்து பார்த்தேன்.
கிழக்கில் பஸ் நிறுத்தம்.
தெற்கில் ஜெராக்ஸ் கடை.
மேற்கில் என்னைத் தாண்டி,
வேப்பமரத்துப் பூனை வரைக்கும்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் மட்டும்
எல்லை சுருங்கிச்
சட்டியின் விளிம்போடு நின்றுவிடும்.
அன்றைக்கு யாருக்கும் பசிக்காது,
தொண்டை மட்டும் எரியும்.
அதையும் எழுத வேண்டும்.
எந்த வருஷத்தின் கீழ் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

தானே அடித்த மறுநாள்
இந்தப் பூங்காவில் நின்றிருந்த மரங்களை
விரலால் எண்ண முடிந்தது.
நாலாவது பெஞ்சு மேல் ஒரு தூங்குமூஞ்சி படுத்திருந்தது.
அஞ்சலாட்சி வண்டியின் ஒரு சக்கரம்
நீரூற்றுத் தொட்டியில் கிடைத்தது,
மற்றது கிடைக்கவேயில்லை.
வாரத்தில் செங்கல் முட்டுக் கொடுத்து
அதே வாசலில் எண்ணெய் வைத்தாள்.
கரண்ட் வந்தது அதற்குப் பிறகு.

ஏழரைக்கு விசில்.
வாட்ச்மேன் கலிவரதன் சாவிக்கொத்தோடு வந்து
பக்கத்தில் உட்காராமல் நிற்கிறார்.
இலையில் இரண்டு மீன் வைத்திருக்கிறேன் அவருக்கு.
கேட்டதில்லை, கொடுக்காமலும் இருந்ததில்லை.
"இன்னிக்கு எது வரைக்கும் வந்துச்சு சார் ஊரு?"
விற்றாச்சு என்கிறேன்.
"யாருகிட்ட?"

முள்ளை நாக்கில் துழாவியபடியே
கேட்டைப் பூட்டுகிறார்.
கையெழுத்துத் தாளில் எண்ணெய் பட்டு
அறுநூற்றுத் தொண்ணூறின் வழியே
அடுத்த பக்கம் தெரிகிறது.
அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.