முழங்கையின் உட்பக்கம்

கின்டர்கார்டன் தாளில் கடைசி வரி:
'பிள்ளைகளுக்கு வெயில் கிரீம் பூசி அனுப்பவும்.'
எழுதியவருக்கு அது ஒரு வரி.

போன கோடையில் வாங்கிய குப்பியில்
மாம்பழ வாசம், சிரிக்கும் முதலை.
பூசி அரைமணி ஆகவில்லை,
மிதுராவின் கழுத்து மடிப்பெல்லாம் தணல்.
பீல் ஏரிக்கரையில் அலறியவளை
ஈரத் துவாயில் சுற்றி
பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
பையிலிருந்து எட்டிப் பார்த்து
முதலை சிரித்துக்கொண்டே வந்தது.

இந்த முறை வாசித்துவிட்டுத்தான் வாங்குவது.
நீடாவ் தெரு மருந்துக்கடை,
ஒரு தட்டு முழுக்கப் பச்சை இலைகள்.
இயற்கை என்கிறது ஒன்று.
முழுக்க முழுக்க இயற்கை என்கிறது பக்கத்துக் குப்பி.
செந்தட்டியும் இயற்கைதான்.
சுடுகிற சூரியனைவிட இயற்கை எது?
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எறும்பெழுத்தில் தேடுகிறேன்:
தோடம்பழத் தோல் எண்ணெய்,
லாவெண்டர் எண்ணெய்.
பூவின் பெயரிலும் வரும் சொறி.

டொரோன்டோவிலிருந்து மச்சானின் குரல்பதிவு:
'தேங்காயெண்ணெய் காணும்.
எங்கட தோலுக்கு வெயில் ஒண்டும் செய்யாது.'
எங்கட தோல்.
எங்கட தோல்தான் அன்று
அவள் தோளில் இழை இழையாக உரிந்தது.
தேங்காயெண்ணெயில் நாங்கள்
வடையும் பொரிக்கிறோம் மச்சான்.
அனுப்பவில்லை, அழித்துவிட்டேன்.

கடைக்காரி ஏபி ஒரு குப்பியை எடுத்தார்.
வாசனை கிடையாது. உள்ளே சிங்க்.
தடுப்பு எண் ஐம்பது.
'கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும்' என்றவர்
என் கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.
அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.
'முதலில் முழங்கையின் உட்பக்கம்
ஒரு பயறளவு. ஒரு நாள் பொறுங்கள்.'

பொறுப்பது என் வேலை.
கடிகாரத் தொழிற்சாலையில்
நீர் புகுகிறதா என்று பார்ப்பவன் நான்.
அழுத்தத் தொட்டியில் இறக்கி எடுத்து
கண்ணாடியின் உட்புறம்
மூச்சளவு ஈரம் படிந்தாலும் ஒதுக்கிவைப்பேன்.
அங்கே வளையத்தை மாற்றினால் சரி.

பதினொன்றரைக்கு ஒருதரம் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
இரண்டு மணிக்கு
போன் வெளிச்சம் அவள் கண்ணில் படாமல்
விரல்களால் பொத்திக்கொண்டு குனிந்தால்
சிவப்பு.
முழங்கை முழுக்கச் சிவப்பு.
குளிர்ந்த தண்ணீர், களிம்பு, லலிதாவை எழுப்பு
என்று எழுந்தவன்
கையை எடுத்தேன்.
சிவப்பும் என்னோடு வந்தது.
என் விரல்களின் இரத்தம் அது,
வெளிச்சத்தில் தெரிந்தது அவ்வளவுதான்.
நாலுமணிக்கும் பார்த்தேன்.

மறுநாள் பின்னேரமும் பயறளவு இடம்
பயறளவு இடமாகவே இருந்தது.

திங்கள் காலை.
எவ்வளவு தேய்த்தும் வெள்ளை போகவில்லை.
அவள் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.
'அப்பா, நான் சுவரோ?'
என்ன சொல்வதென்று தெரியாமல்
என் மூக்கிலும் ஒரு கோடு இழுத்தேன்.
'நீங்கள் வடிவில்லை' என்றாள்,
தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நீளக்கை உடுப்பைத் தானே எடுத்துவந்தாள்,
உள்வெளியாகப் போட்டுக்கொண்டாள்.

குப்பியில் நீர் புகாது என்றிருக்கிறது.
அதை நான் நம்புவதாயில்லை.
தாளைத் திருப்பி
என் டொச்சில் ஆசிரியைக்கு எழுதினேன்:
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம்,
நனைந்தால் துடைத்துவிட்டு மறுபடியும்.
மற்றப் பிள்ளைகளின் கிரீம் வேண்டாம்.
பதினொரு மணிக்குப் பிறகு
லிண்டன் மர நிழல்.
காதின் பின்பக்கம்,
சடைக்கு நடுவே வகிடு,
மறந்துவிடுவீர்கள்,
நானும் மறந்திருக்கிறேன்.

ஒரு வரிக்குப் பதிலாக
ஒரு பக்கம் ஆகிவிட்டது.
கீழே இடமில்லாமல்
நன்றியை ஓரத்தில் நெடுக்காக எழுதி
அவள் பையில் வைத்தபோது
வாசலில் நின்று கூப்பிட்டாள்,
மூக்கைத் துடைத்துவிட்டு வாருங்கள் என்று.