அரைக் கட்டை

ஜாரி வீதியில் குகபாலனின் டயர்க் கடை.
நவம்பர் கடைசி. மொன்றியல் முழுக்கக்
குளிர்காலச் சில்லு மாற்ற வரிசையில் நிற்கிற கிழமை.
கடையைப் பூட்டி, இரும்புக் கதவை இறக்கி,
ஆயுதப் பெட்டிமேல் றெக்கோட் பிளேயரை வைத்தோம்.

'கறுப்புக் குடை'யின் முதல் இரண்டு தொகுப்பும்
தூசு துடைத்து, ஒலி மினுக்கி,
கனத்த இசைத்தட்டாய் மறுபடி வந்திருக்கின்றன.
அட்டையில் அதே படம்.
நாலு பெடியள், ஒரேயொரு பனிக்கோட்டு.
மற்ற மூவரும் சிரிப்பதுபோல் நடுங்குகிறார்கள்.

முள் இறங்கியது.
முதல் வரியிலேயே மரியதாசன் கையைத் தூக்கினான்.
"நிப்பாட்டு. இது ஞானேந்திரன்ர குரல் இல்லை.
அவன்ர தகப்பன்ர குரல்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
ஞானேந்திரன்தான்.
ஆனால் எங்களிடம் இருந்தவனைவிட
இவன் மெல்ல நடக்கிறான்,
வரி முடிவில் மூச்சுக்கு நிற்கிறான்.
'உப்புத் தெரு'வில் ஓடிப்போய்ப் பிடிக்கிற பஸ்ஸை
இந்தமுறை விட்டுவிடுவான் போலிருந்தது.

மரியதாசன் கிட்டாரை எடுத்து
பதினேழு வயதில் பழகினதை அடித்தான்.
தட்டு ஒரு பக்கம், தந்தி ஒரு பக்கம்.
"அரைக் கட்டை இறங்கிப்போச்சு.
கொம்பியூட்டரில குடுத்துக் கெடுத்திட்டாங்கள்."

"இல்லை அங்கிள்" என்றாள் அபிரா.
பிறந்ததே இரண்டாயிரத்தொன்றில்.
"மூலச் சுருளில இருந்து எடுத்தது. இதுதான் சரியான வேகம்.
நீங்கள்தான் இவ்வளவு நாளும் பிழையாக் கேட்டனீங்கள்."

கோப்பை கழுவிக்கொண்டு,
அகதிப் பேப்பருக்குக் காத்துக்கொண்டு கேட்ட பாட்டை
ஒரு பிள்ளை வந்து திருத்தினால்
மனுசன் முகத்தை எங்கே கொண்டுபோவான்?
மரியதாசன் டயர் அடுக்குக்குள் கொண்டுபோனான்.

விமலறோகினி அக்கா அப்போதுதான் வாய் திறந்தா.
பேஸ் வாசித்தவரின் மனைவி.
அவர் வரவில்லை, இரவு டாக்சி.
"கசெற்றில இவர் வாசிச்சது ஒண்டுமே கேக்காது.
உம்மட மனுசன் பாண்டில என்ன செய்தவர் எண்டு
கலியாண வீட்டிலயே கேட்டவை.
படத்துக்கு நிண்டவர் எண்டுதான் நானும் நினைச்சன்.
இஞ்ச கேளுங்கோ.
படியிறங்கி வாற மாதிரி, டும், டும்.
இப்பவும் அவர் படியிறங்கிறது இப்பிடித்தான்."

நான் பேசவில்லை.
எண்பத்தொன்பதில், கோத்-தே-நேஜில், ஐந்து பேர் படுத்த அறையில்
இரண்டு டெக்கை ஒன்றின்மேல் ஒன்று வைத்து
முன்னூற்றுப் பத்துக் கசெற் பதிந்தவன் நான்.
ஒரு பக்கத்துக்கு ஒரு தொகுப்பு.
தொகுப்பு முப்பத்திரண்டு நிமிடம்,
பெட்டியாய் மலிவில் கிடைத்த நாடா முப்பது.
நீள நாடாவுக்குக் காசில்லை.
கடைசிப் பாட்டை வெட்ட மனமில்லை.
மோட்டருக்குப் பின்னால் ஒரு துளை,
துளைக்குள் ஒரு திருகு.
மூக்குக்கண்ணாடி திருத்துகிற குட்டித் திருப்புளியால்
கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
அந்த இரண்டு நிமிடமும் எங்கே போனதென்று
யாரும் கேட்டதில்லை.

"தேத்தண்ணி போடுறன்" என்று குகபாலன் எழும்ப
பிளேயரின் ஓரத்து வேகக் கட்டையைத் தள்ளினேன்.
கூட்டல் ஆறரை.

பஸ் பிடிபட்டது.
மரியதாசன் அடுக்குக்குள்ளிருந்து வெளியே வந்தான்,
கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான்ரா, இதுதான்ரா."
குகபாலன் கேத்தலோடு நடுவில் நின்றான்.
அபிராவின் பாதம்கூடத் தாளம் போட்டது,
அவளுக்குத் தெரியாமல்.

"தம்பி" என்றா அக்கா,
"அதை இறக்கு.
அவர் ஓடுறார். அவருக்கு முழங்கால் ஏலாது."

இறக்கினேன். ஒருவரும் மறிக்கவில்லை.
தேத்தண்ணி ஆற ஆற
கடைசிப் பாட்டின் கடைசிக் கரகரப்புவரை இருந்தோம்.

கதவை உயர்த்தினால் வெளியே முதற்பனி.
குகபாலன் காதோடு கேட்டான்:
"எல்லாம் சரி. ஆறரையில
ஒரே தள்ளில எப்பிடி நிப்பாட்டினனீ?"

என் காரின் சில்லைக் காட்டி
இதை எப்ப மாத்தித் தருவாய் என்று
நான் கேட்டேன்.