கேத்திலுக்குப் பக்கத்துக் கொப்பி

சதாம் வீதியில் நான்காம் மாடி.
லிஃப்ட் மூன்றோடு நின்றுவிடும்.
மிச்சப் படிகளில்தான்
அன்றைய முதல் கேள்வியை யாராவது கேட்பார்கள்.

"ஷார்ஜாவுக்குப் போற தும்புக்கு
புகையடிச்ச சான்றிதழ் வேணுமா, வேண்டாமா?"
மூச்சு வாங்கியபடி இந்துனில் சிங்களத்தில் கேட்க
மூச்சு வாங்கியபடி பஸ்லியா தமிழில் சொல்லுவாள்.
பின்னால் நான்.
பாதி விளங்கும்.
மீதியைக் கேட்க வெட்கம்.

வெட்கத்துக்கென்று என்னிடம் ஒரு லாச்சி இருந்தது.
முதல் ஆறு மாதமும்
பிழையாய் அடித்த பத்திரங்களை
நான்காய் மடித்து அதற்குள் பூட்டினேன்.
மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கையில்
முழங்காலுக்கு மேலே
அவை நெளிவது போலிருக்கும்.

பிறகொருநாள்
சிட்டகொங் போகவேண்டிய பெட்டி
சென்னைக்குக் கப்பலேறிவிட்டது.
எந்த லாச்சிக்குள்ளும் அடங்காத நீளம், நாற்பதடி.
எழுந்து நின்று
அறை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.
என் குரல் இவ்வளவு பெரிதென்று
அன்றுதான் எனக்கும் தெரிந்தது.

யாரும் திட்டவில்லை. தேற்றவுமில்லை.
வாகீசன் கதிரையோடு உருண்டு வந்தான்.
"முதல் ரெண்டு எழுத்தும் ஒண்டுதான்,
மிச்சத்தைத் திரை தானே நிரப்பிப்போடும்.
நானும் விழுந்தனான், போன வருசம்."
பஸ்லியா தொலைபேசியில் சென்னையோடு மல்லுக்கட்ட,
இந்துனில் ஒரு சீஆர் கொப்பியைக் கொண்டுவந்து
கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்தான்.
முதல் பக்கத்தில் என் பிழை.
இரண்டாவதில், யாரும் கேளாமலே, அவனுடையது.

அதன்பின்
தண்ணீர் கொதிக்கும்வரை வாசித்தோம்.
மூன்று மொழிக் கிறுக்கல், பால்மாக் கறை,
ஓரத்தில் ஓர் அம்புக்குறி:
'இதுக்குச் சுருக்குவழி இருக்கு, வந்து கேள்.'
தமிழ்ப் பெயரொன்றில்
எது தகப்பன், எது ஆள் என்று
நான் எழுதிய பக்கத்தை
இந்துனில் படமெடுத்து வைத்திருக்கிறான்.

மார்கழி, போனஸ் மாதம்.
முகாமையாளர் கொப்பியைக் கேட்டு வாங்கி
பெயர் பெயராய் எண்ணினார்.
கெட்ட மனிதரில்லை.
எண்ணத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

மூன்று கிழமை கொப்பி வெள்ளை.
கேத்தில் தன்பாட்டில் கொதித்து அணைந்தது.
படிகளில் மூச்சு மட்டும் வாங்கினோம்.
லாச்சிச் சாவியை நான் தேடி எடுத்ததையும்
இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூன்று கிழமைக்குள்
குளிர்ப்பெட்டியொன்றின் பத்திரத்தில்
பதினெட்டுக்கு முன்னே இருக்கவேண்டிய சிறு கோட்டை
வாகீசன் விட்டுவிட்டான்.
இரண்டு தொன் நீர்கொழும்பு இறால்.
மணத்தைப் பற்றித் துறைமுகத்திலிருந்து
விதம்விதமாய்ச் சொன்னார்கள்.

அதே கோட்டை
ஏழு நாள் முந்தியே ஒருவர் விட்டிருந்தார்.
நேரத்தோடு கண்டு,
சத்தமில்லாமல் திருத்தி,
சத்தமில்லாமல் நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ் பிடித்து
வீட்டுக்குப் போயிருந்தார்.
நான்தான்.

மறுநாள் விடிய வந்தேன்.
கேத்தில் குளிர்ந்து கிடந்தது.
திகதியிட்டு, பெயரிட்டு எழுதினேன்,
வாகீசனுக்கு ஏழு நாள் முந்திய திகதியை.
பின்னேரம் வரை
எதிர்ப்பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை.
முகாமையாளர் தேநீர் ஊற்றினார், வாசித்தார்,
சீனி போட மறந்து போனார்.

அடுத்த நாள் படிகளில் இந்துனில்,
"அந்தக் கழித்தல் கோடு
எந்தக் கட்டத்துக்குள்ள வரும்?"
அவனுக்குத் தெரியும்.
அவனுக்குத் தெரியுமென்று எனக்கும் தெரியும்.
ஆனாலும் நின்று சொன்னேன்,
என் உடைந்த சிங்களத்தில், கொஞ்சம் உரத்து.
இரண்டு படி கீழே
திங்கட்கிழமை சேர்ந்த பெண்
மூச்சு வாங்கியபடி வந்துகொண்டிருந்தாள்.