உப்புப் பார்த்தல்

நாக்கை நீட்டச் சொன்னா டொக்டர்.
சிங்களத்தின் ஓரம் தெரிகிற தமிழில்
"இன்னும் கொஞ்சம், அண்ணா" என்றா.
ஐஸ்பழக் குச்சி மாதிரி ஒன்றால்
மெல்லச் சுரண்டினா.
தயிராடை போல் உரிந்து வந்தது.
கீழே சிவப்பு,
இப்போதுதான் செதில் எடுத்த விளைமீன்.

பங்கசு என்றா.
பூஞ்சணம் என்றா தாதி, எனக்கு விளங்கட்டும் என்று.
பாணில் பூப்பது
மாரியில் தோல் செருப்பில் பூப்பது
என் வாய்க்குள்ளும் பூத்திருக்கிறது,
காவல் இல்லாத வீடு என்று கண்டு.

"குளிசையை நிப்பாட்டினீங்களா?"
சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.
சீசன், டொக்டர். வியாழன்தானே கிளினிக்,
வியாழன்தான் வெள்ளைக்காரர் வந்து இறங்கிறது.
அது பாதி உண்மை.
மற்றப் பாதி
ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ வைத்திருக்கிற
என் மச்சான்.

"மனுசியையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ."
இதைத் தாதிதான் சொன்னா,
எழுதிக்கொண்டே, நிமிராமல்.

உப்புவெளியில் சமையல்காரன் நான்.
ஊரின் பெயரிலேயே உப்பு,
என் நாக்கில் இல்லை.
கணவாய்க் குழம்பை உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கினால்
கடதாசி.
பஸ் நிலையத்து மான்கள்
லஞ்ச் சீற்றை மென்று நிற்குமே,
அந்த ருசியாய்த்தான் இருக்கும்.
புளி பட்டால் மட்டும் எரியும்.
சோறு இறங்கையில் நெஞ்சுக்குள் முள்.

நாலாம் மேசை தட்டைத் திருப்பி அனுப்பிற்று.
முதலாளி ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார்,
சிங்குக்குள் துப்பினார், போனார்.
அன்றிலிருந்து நிஸ்தார்,
கிண்ணியாப் பொடியன்,
கேட்காமலே வந்து கையை நீட்டுவான்.
"காணும் அண்ணே."
"இன்னும் ஒரு கிள்ளு."
ஏழு கிழமை
அவன் நாக்கால் சமைத்தேன்.

ஒருநாள் அவசரத்தில்
நான் ருசித்த கரண்டியையே அவன் வாய்க்குக் கொண்டுபோனான்.
பறித்தேன்.
இப்படியெல்லாம் தொத்தாது என்று தெரியும் எனக்கு,
மூன்று தரம் சொல்லித் தந்திருக்கிறா தாதி.
தெரிந்த கைதான் பறித்தது.
அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு வெங்காயத்தைப் பார்த்தான்.

மருந்து மஞ்சள். வாழைப்பழ எசன்ஸ் மணம்.
நாளைக்கு நாலு தரம்
வாய்க்குள் அலசி, கன்னத்தில் ஒதுக்கி,
ஏலுமானவரை வைத்திருந்து விழுங்க வேணும்.
அந்த நேரம் பார்த்துத்தான் ரஜிதா போன் எடுப்பாள்.
"ஹலோ? கேக்குதோ?"
கேட்கிறது.
தண்ணி பில், மகளின் கணக்குப் புள்ளி,
சாம்பல்தீவுக்கு எப்ப வருவீங்கள்,
எல்லாம் கேட்கிறது.
"கவரேஜ் இல்லைப் போல" என்று தனக்கே சொல்லி
வைத்துவிடுவாள்.
கவரேஜ் நல்லாய் இருந்தது.

பத்தாம் நாள், மீன் பொரிக்கையில்
மேலுதட்டு வியர்வை வாய்க்குள் இறங்கிற்று.
உப்பு.
அடுப்பை அணைக்காமல் அப்படியே நின்றேன்.
இன்னொரு தரம் நக்கினேன்.
நிஸ்தார் வழமைபோல் கையை நீட்ட
"வேண்டாம்" என்றேன்.
"அப்ப சரி" என்றான், சிரிப்போடு.
என்ன தெரியும் அவனுக்கு என்று
இன்னும் தெரியாது எனக்கு.

அன்றிரவு மருந்தை வாயில் ஊற்றிய கையோடு
போன் அடித்தது.
"ஹலோ?"
கொட்டிலுக்கு வெளியே கடல்
கரையில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது.
"ஹலோ, கேக்குதோ?"
விழுங்கினேன்.
"ரஜிதா,
வாற வியாழன் உனக்கு வேலை ஏதும் இருக்கோ?"